பழைய சர்வருக்குப் பணி நீட்டிப்பு

லிஃப்ட் வாரியம் தன் பழைய டேட்டாபேஸைத் தள்ளிவைத்துப் புதியதைக் கொண்டுவந்தபோது, பழையதற்கு முறைப்படி ஒரு பிரிவு உபசார விழா நடத்தியது. சர்வரைக் கழற்றி மேடைக்குத் தூக்கி வர யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் அதன் போட்டோவை ஆளுயரத்துக்கு அச்சடித்து நிறுத்தி, பக்கத்தில் கேக் வெட்டினார்கள். வாரியத் தலைவர் பேசும்போது குரல் தழுதழுத்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் லீவு கேட்டதில்லை. பதவி உயர்வு கேட்டதில்லை. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. நீங்க எல்லாரும் இதைப் பாத்துக் கத்துக்கணும்."

வாரத்தில் பாதி நாள் அது மயங்கிக் கிடக்கும் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பிரிவு உபசாரத்தில் அதெல்லாம் பேசுகிற வழக்கமில்லை.

ஓய்வு கொடுத்தார்களே தவிர, அதை யாரும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டுமென்றால் நிலுவை இல்லை என்று ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு ஓய்வு பெறுபவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். சர்வர் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே மறு உத்தரவு வரும்வரை அது ஆலோசகராகப் பணி நீட்டிப்பு பெற்றிருப்பதாகக் குறிப்பு எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அறையின் ஏசியும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆலோசகருக்கு வியர்க்கக் கூடாது அல்லவா?

இந்த விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தவர்தான் கட்டக்காரர். பகல் முழுக்க எக்செல் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது. நகரத்தின் அடுக்குமாடிகளில் எந்தெந்த லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது என்று தினமும் காலையில் ஒரு ஷீட் எடுத்து மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. எடுப்பது என்ன பெரிய எடுப்பு? ஒரு பட்டனை அமுக்குவார். ஷீட் தானே போய் டேட்டாபேஸிடம் கேட்டுக்கொண்டு வந்து கட்டங்களை நிரப்பும். அது நிரம்புகிற நேரத்தில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து முடித்திருப்பார்.

விழாவுக்கு மறுநாள் பட்டனை அமுக்கினார். நிரம்பியது. அதற்கு மறுநாளும் நிரம்பியது. ஒரு பிசகும் இல்லை. இவ்வளவு பெரிய மாற்றம் இவ்வளவு சத்தமில்லாமல் நடந்துவிட்டதே என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையைக் கலைத்தவர் மெக்கானிக்.

"சார், ஒரு சந்தேகம். கடைத்தெரு முனையில இருக்கிற அந்தக் கட்டடத்து லிஃப்ட்டை நான் எப்பவோ சரி பண்ணிட்டேன். தினமும் அதையே எழுதிக் குடுக்கறீங்க."

"மறுபடி நின்னிருக்கும்."

"நிக்கலை சார். நான் போனா அங்க எனக்குன்னே ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. எண்ணெய் போட்டுப் போட்டு லிஃப்ட் இப்போ கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது. கீழ் வீட்டம்மா என்னைப் பாத்தா, 'வாங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி கூச்சமா இருக்கு சார்."

கட்டக்காரர் சிரித்தார். அன்று மாலையே அந்தச் சிரிப்பு போனது. அக்கா போன் பண்ணினாள்.

அக்கா அவரோடு கூடப் பிறந்தவள், தையல்காரி, ஒன்பதாவது மாடியில் தனியாக இருப்பவள். நடைபாதையில் கால் மடங்கி எலும்பு முறிந்து, முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு போட்டு, லிஃப்ட்டில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவளை ஏற்றிவிட்டதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்ததோ என்னவோ, மறுவாரமே அந்த லிஃப்ட் நின்றுவிட்டது.

"டேய் தம்பி, புகார் குடுத்தேன்டா. உங்க வாரியத்துலேர்ந்து மெசேஜ் வந்துச்சு. 'தங்கள் லிஃப்ட் ஓய்வில் உள்ளதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்துகொண்டோம்'னு. அதுக்கு மகிழ்ச்சி. எனக்குக் கட்டுக்குள்ள அரிக்குது. துணி அளக்கிற ஸ்கேலை விட்டுச் சொறிஞ்சிட்டிருக்கேன்."

"நாளைக்கு ஆள் வரும்க்கா."

"வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கணும், ஞாபகம் இருக்கா? அதுக்கு அடுத்த நாள் அந்த டாக்டர் வெளிநாடு போறார். விட்டா எப்போ வருவாரோ. கால் அப்படியே விறைச்சுப் போயிடும்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கார்."

"நாளைக்கே வரும்க்கா. நான் எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறேன்?"

"அதான்டா பயமே."

மறுநாள் ஷீட்டில் அக்காவின் கட்டடம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கட்டக்காரர் தினமும் மாலையில் காய்கறிப் பையும் மருந்துமாக ஒன்பது மாடி ஏறினார். ஐந்தாவது மாடியில் ஒரு முறை உட்காருவார். ஏழாவதில் படுக்கலாமா என்று யோசிப்பார். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து பார்த்தார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். அக்கா நல்ல ஆகிருதி. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. நாற்காலியின் கால் ஒன்று முறிந்தது. "ஒரு காலே போதும், இன்னொன்னு வேணாம்" என்று அவள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். மெக்கானிக் மேலே ஏறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கன்ட்ரோல் போர்டு போயிடுச்சு சார். புதுசு மாட்டணும். அரை மணி நேர வேலை. ஆனா ஸ்டோர்ல போர்டு கேட்டா ஷீட்டைப் பாப்பாங்க. ஷீட்ல இந்தக் கட்டடம் இல்லை. இல்லாத லிஃப்ட்டுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"இல்லாத லிஃப்ட்டா? கண்ணு முன்னாடி நிக்குது."

"நிக்குதுதான் சார். அதான் பிரச்சினையே."

அதன் பிறகுதான் கட்டக்காரருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு ஷீட்டுக்கும் உள்ளே, யாரும் பார்க்காத ஒரு பெட்டியில், எந்த சர்வரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு விலாசம் இருக்கும். திறந்து பார்த்தார். பழைய சர்வரின் பெயர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. புதிய புகார்கள் எல்லாம் புதிய டேட்டாபேஸில் குவிந்துகொண்டிருக்க, ஷீட் மட்டும் நாள் தவறாமல் பழையதன் வாசலில் போய் நின்றிருக்கிறது. பழையதும் தனக்குத் தெரிந்த கடைசி நாளையே திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறது. ஆலோசகர்கள் செய்வது அதுதானே.

ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். கட்டக்காரர் ஒழுங்கான மனிதர் என்பதால் இணைப்புத் துறைக்குப் போய் அனுமதி கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளில் இதுவும் ஒன்று.

இணைப்பு அதிகாரி அம்மாள் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பேரை மாத்தினா முடிஞ்சது மேடம்."

"முடிஞ்சதுன்னு யார் சொன்னது? அப்புறம்தான் ஆரம்பமே. நாங்க இணைப்புத் துறை. இணைச்சு வெப்போம். இணைஞ்சதைப் பிரிக்கிறது எங்க கொள்கையிலயே இல்லை."

"பிரிக்க வேணாம் மேடம். வேற இடத்துல இணைக்கலாம்."

"அது அதைவிட மோசம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்களுக்காகச் சொல்றேன். பழைய கணக்கு தப்புன்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறோம்."

"ஆதாரம் இருக்கு மேடம். எங்க அக்கா ஒன்பதாவது மாடியில இருக்கா."

"அக்காவெல்லாம் ஆதாரம் ஆகாது. வாரியம் ஒப்புக்கொண்ட ஷீட்லேர்ந்து எடுத்த ஆதாரமா இருக்கணும்."

"ஒப்புக்கொண்ட ஷீட் எது மேடம்?"

"நீங்க தினமும் எடுக்கறீங்களே, அதுதான்."

கட்டக்காரர் ஷீட்டை எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"பாருங்க. உங்க அக்கா கட்டடமே இதுல இல்லை. அப்புறம் எங்க தப்பு?"

அந்த வாரம் தலைவர் எல்லோரையும் கூட்டினார். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் கட்டக்காரரின் ஷீட் பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"புதுசு வந்ததிலேர்ந்து புதுப் புகார் ஒன்னுகூட இல்லை" என்றார் தலைவர். "ஒன்னுகூட! நான் உங்களைக் கேக்கறேன், எந்த ஊர் வாரியத்துலயாவது இப்படி நடந்திருக்கா? நாம வேலை செஞ்ச காலத்துல தினமும் புகார் வந்துச்சு. இப்போ பாருங்க. இதுலேர்ந்து என்ன தெரியுது? சிறந்த வாரியத்துக்கான விருதுக் குழு செவ்வாய்க்கிழமை வருது. எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கணும்."

கட்டக்காரர் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகு அந்தக் கை யாருடையது என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

"சார், ஷீட் இன்னும் பழைய சர்வரைத்தான் சார் கேக்குது."

"கேக்கட்டுமே. பெரியவங்களைக் கேட்டுச் செய்யறது நல்ல பழக்கம்."

"புதுசைத் திறந்து பாத்தா உண்மை தெரியும் சார்."

"திறப்பு விழாதான் முடிஞ்சிடுச்சே" என்றார் தலைவர், உண்மையிலேயே புரியாமல்.

இருந்தாலும் தலைவர் இரக்கமுள்ளவர். ஷீட்டைத் தொடாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். ஒத்திசைவுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்குவது. அதில் ஒருவர் புதிய டேட்டாபேஸைப் பார்த்து உரக்கப் படிப்பார். இன்னொருவர் அதைக் கேட்டுப் பழையதில் அடிப்பார். மூன்றாமவர் இருவரையும் மேற்பார்வை பார்ப்பார். பிரிவு உடனே தொடங்கப்பட்டது. மேற்பார்வையாளர் வந்துவிட்டார். மற்ற இருவருக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை மாடி ஏறிப் போனபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கோ சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"வியாழக்கிழமை நடக்காதுன்னா சொல்லிடுடா. நான் மனசைத் தேத்திக்கறேன். உக்காந்தே தைக்கலாம். மிஷின் மிதிக்கத்தான் இந்தக் கால் வேணும்."

கட்டக்காரர் காய்கறிப் பையை வைத்துவிட்டு இறங்கினார். இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. கோபம் வந்தால் மூச்சு வாங்காது போலும்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பழைய பெயரை அழித்தார். புதிய பெயரை அடித்தார். பட்டனை அமுக்கினார். ஷீட் வெறுமையாக நின்றது. புதிய டேட்டாபேஸில் 'பழுது' என்றே ஒரு சொல் கிடையாது, நின்ற லிஃப்ட் எல்லாம் அங்கே 'ஓய்வில்' இருப்பவை என்பது அக்காவுக்கு வந்த மெசேஜை நினைத்தபோதுதான் புரிந்தது. ஷீட் தேடும் சொல்லை 'ஓய்வு' என்று மாற்றி, மறுபடி அமுக்கினார்.

கட்டங்கள் நிரம்பின. நிரம்பிக்கொண்டே இருந்தன. திரை கீழே ஓடிக்கொண்டே போனது. மருத்துவமனைப் பக்கத்துக் கட்டடங்கள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ளவை, ஆற்றங்கரைக் குடியிருப்பு, நடுவில் ஒரு வரியில் அக்காவின் கட்டடம். ஒரு லிஃப்ட் ஓடவில்லை என்று படித்துக் கண் கலங்கியவர் அந்த வாரியத்தின் வரலாற்றில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். உடனே பிரின்ட் கொடுத்தார். பிரின்டர் தாளாகத் தள்ளியது.

அவர் மறந்துபோனது ஒன்றுதான். தலைவர் அறைச் சுவரில் இருந்த திரையும் அதே ஷீட்தான்.

அங்கே விருதுக் குழுவினர் திரையைப் பார்த்து "அருமை" என்று சொல்லி வாய் மூடவில்லை. பச்சை முழுவதும் சிவப்பானது. தலைவரின் அலறல் இரண்டு தளம் தாண்டிக் கேட்டது. இணைப்பு அதிகாரி அம்மாள் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து, பழைய இணைப்பைப் பழையபடி பொருத்திவிட்டார். அந்தத் துறை ஒரு வேலையை அத்தனை வேகமாகச் செய்து அதுவரை யாரும் கண்டதில்லை. கட்டக்காரர் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். ஸ்டோர்காரர் தாளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஷீட்ல இல்லையே சார்."

"இப்போதான் இருந்துச்சு!"

"இருந்ததுக்கெல்லாம் போர்டு குடுக்க முடியுமா சார்?"

புதன்கிழமை காலை விசாரணை. தலைவர், இணைப்பு அதிகாரி, சட்ட அதிகாரி மூவரும் ஒரு பக்கம். எதிரே கைப்பிடி இல்லாத நாற்காலியில் கட்டக்காரர். மடியில் நேற்றைய தாள்கள். பொழுது விடிந்தால் வியாழன்.

சட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"நீங்க அந்தப் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி எத்தனை லிஃப்ட் பழுது?"

"ஒரு டஜன் இருக்கும் சார்."

"அமுக்கினதுக்கு அப்புறம்?"

"நானூத்திச் சொச்சம் சார்."

"நடுவுல அந்த அறையில யாரெல்லாம் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான் சார்."

சட்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "இதுக்கு மேல என்ன வேணும்?"

"சார், நான் உடைக்கலை சார். அதெல்லாம் ஏற்கெனவே நின்னுபோனது. நான் எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

"பாக்கற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் தலைவர். "என் திரையில பச்சையா இருந்துச்சுய்யா. என் கண்ணால பாத்தேன். விருது குடுக்க வந்தவங்க படிக்கட்டுல இறங்கிப் போயிட்டாங்க. நம்ம லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லையாம்!"

"விதி எவ்வளவு கடுமையானதுன்னு அவருக்குத் தெரியணும்" என்று சொல்லிச் சட்ட அதிகாரி ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்தி வாசித்தார். "வாரிய ஊழியர் ஒருவரால் சேதப்படுத்தப்பட்ட லிஃப்ட்டை, வாரியத்தின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு, புகார் வரிசைக்கும் ஒப்புதலுக்கும் காத்திராமல், அன்றைய தினமே சரிசெய்தல் வேண்டும்."

கட்டக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், அதை இன்னொரு தடவை படிக்கிறீங்களா?"

பயந்துவிட்டான் என்று நினைத்துச் சட்ட அதிகாரி இன்னும் உரக்கப் படித்தார்.

"அன்னைக்கேன்னா, இன்னைக்கேவா சார்?"

"பொழுது சாயறதுக்குள்ள. நம்ம ஆளே உடைச்சான்னா அசிங்கம் நமக்கில்லையா?"

"ஷீட்ல இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டீங்களா?"

"ஷீட்டு, வரிசை எல்லாம் பொதுமக்களுக்கு. இது நம்ம வீட்டு விவகாரம்."

கட்டக்காரர் ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மடியிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கி மேசைமேல் வைத்தார்.

"அப்போ நான்தான் சார் உடைச்சேன்."

"எதை?"

"எல்லாத்தையும். ஒன்னு விடாம இதுல இருக்கு. கட்டடம், தெரு, எந்த லிஃப்ட்டுன்னு எல்லாம். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

தலைவர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்களில் நீர் கோத்திருந்தது.

"எனக்குத் தெரியும்யா. நம்ம லிஃப்ட் தானா நிக்காது. நம்ம நிர்வாகத்துல அப்படி நடக்கவே நடக்காது. யாராவது ஒருத்தன் நிறுத்தினாத்தான் உண்டு. நேத்து ராத்திரி பூரா நான் தூங்கலை. இப்போதான் நிம்மதி."

"படிவத்துல காரணம்னு ஒரு இடம் இருக்கு" என்றார் சட்ட அதிகாரி. "என்னன்னு போடட்டும்?"

கட்டக்காரர் யோசித்தார். அக்கா என்று சொல்லலாம். அக்காவெல்லாம் ஆதாரம் ஆகாது.

"பொறாமைன்னு போடுங்க சார்."

மதியத்துக்குள் வாரியத்தின் அத்தனை வண்டிகளும் வெளியே போயின. ஸ்டோரின் பூட்டைத் திறந்துவைத்துவிட்டு ஸ்டோர்காரரையும் ஒரு வண்டியில் ஏற்றினார்கள். கட்டக்காரருக்கு அன்றே தண்டனை உத்தரவு வந்தது. இனி அவர் ஷீட்டைத் தொடக்கூடாது. பழைய சர்வரின் உதவியாளராக, அதன் அறையிலேயே உட்கார்ந்து, அதற்கு வேண்டியதைக் கவனிக்க வேண்டும். ஏசி அறை. அவருக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் போனபோது அக்காவின் கட்டடத்து வாசலில் கூட்டம். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் வாரியத்தின் மன்னிப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தது. லிஃப்ட்டை நாசம் செய்த ஊழியர் கண்டுபிடிக்கப்பட்டார் என்றும், வாரியம் வெட்கித் தலைகுனிகிறது என்றும், மேலே அவரது போட்டோவோடு. கூட்டம் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"இந்த ஆளா?"

"மூஞ்சியப் பாத்தா சாது மாதிரி இருக்கான்."

"எங்கப்பா எத்தனை நாள் கீழ இறங்க முடியாம தவிச்சார் தெரியுமா?"

கட்டக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். மேலே எங்கோ மோட்டார் முனகியது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கதவு திறந்தது. உள்ளே ஊன்றுகோலில் சாய்ந்து, தலை வாரிப் பொட்டு வைத்து, தானே தைத்த புதுச் சட்டையில் அக்கா. பக்கத்தில் மெக்கானிக், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

அக்கா அறிவிப்பைப் படித்தாள். தம்பியைப் பார்த்தாள். ஊன்றுகோலைத் தூக்கி, வலிக்காத மாதிரி அவர் முழங்காலில் ஒன்று வைத்தாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே, படுபாவி?" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டாள். பிறகு அவர் தோளில் கையைப் போட்டு, முழுப் பாரத்தையும் சாய்த்து, காதோரம் சொன்னாள்: "உனக்கு வீட்ல பல்பு மாத்தத் தெரியாது. இதை உடைக்கிற சாமர்த்தியம் உனக்கு எங்கேடா இருக்கு? மெக்கானிக் தம்பி எல்லாம் சொல்லிடுச்சு. அழாதேடா, எல்லாரும் பாக்கறாங்க."

"நான் அழலை. நீ அழுத்தற."

வாசலில் டாக்ஸி காத்திருந்தது. அக்காவை மெல்ல நடத்திக்கொண்டு போகும்போது, கூட்டத்திலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வேகமாகப் பின்னால் வந்தாள். அவரைக் கடுமையாக முறைத்துக்கொண்டிருந்தவள் அவள். திட்டத்தான் வருகிறாள் என்று கட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கதானே சார் அது?"

"ஆமாம்மா."

"நீங்க உடைச்சா அன்னைக்கே வந்து சரி பண்றாங்களாமே?"

"அப்படித்தான் விதி இருக்கும்மா."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாமியார் பக்கத்துத் தெருவுல இருக்காங்க சார். அங்க நேத்து சாயங்காலம்தான் லிஃப்ட் நின்னுச்சு. அவங்களுக்கு இருதயக் கோளாறு. கோவிச்சுக்காம, அதையும் நீங்களே உடைச்சதா எழுதிக் குடுத்துடறீங்களா?"

கட்டக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா டாக்ஸியின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"சீக்கிரம் எழுதிக்கோடா. டாக்டர் காத்திருக்க மாட்டார்."

அவர் சட்டைப் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார்.

"எந்தக் கட்டடம்மா?"